இடப்பக்கம் நின்றவள்

காலையில் கணினியின் முன்னால் உட்கார்ந்து 'இருக்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவது ரித்திகாவின் வேலை. பல் துலக்குவதற்கு முன்பே அதைச் செய்துவிடுவாள். திரைக்கு மேலே இருக்கும் கண் அவள் முகத்தை ஒருமுறை மேய்ந்து பார்க்கும். பச்சைக் கோடு ஒன்று ஓடும். ரித்திகா இன்றும் உயிரோடு இருக்கிறாள் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும். அவள் கணக்கு மூடப்படாத வரைக்கும்தான் அடுப்பு எரியும், குழாயில் தண்ணீர் வரும், வாசல் கதவு திறக்கும்.

அந்த நேரத்தில் சஹானா, திரைக்கண்ணில் பட்டுவிடாமல், சுவரோரமாக நின்று பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். அதே நெற்றி, அதே மூக்கு, சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் அதே கன்னம். இருவரும் ஒரே வயிற்றில் ஒன்றாகக் கிடந்தவர்கள். ஆனால் திருப்பூரில், மூடிப்போன பனியன் கம்பெனி ஒன்றைத் தடுத்துக் கட்டிய அந்த வீட்டில், கணக்குப்படி ஒரே ஒரு பெண்தான் குடியிருக்கிறாள்.

ரித்திகா தன் அடையாளக் கைவளையைக் கழற்றி நீட்டினாள். "இன்னிக்கு நீ. ரமீஜாக்கா கேட்டா, பல்லு வலி சரியாப் போச்சுன்னு சொல்லு. நேத்து அப்படித்தான் சொல்லிப்போட்டு சீக்கிரம் வந்தேன்."

எந்தப் பல் என்று சஹானா கேட்டாள். கீழே, கடைசிப் பல். இப்படி ஒவ்வொரு காலையிலும் முந்தைய நாளைக் கைமாற்றிக்கொள்வார்கள். யாரிடம் சிரித்தது, யாரிடம் முறைத்தது, எந்தக் கடையில் எதற்குப் பேரம் பேசியது என்று எல்லாவற்றையும். ஒரு வளை, ஒரு முகம், ஒரு பெயர். ஒருத்தி வெளியே போனால் மற்றவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்க வேண்டும். வெளியே போகிறவள் ரித்திகா. உள்ளே இருப்பவள் யாரும் இல்லை.

ரித்திகாவுக்குக் கோகுல் என்றொருவன் இருந்தான். மைசூரில் வேலை, மாதத்தில் சில நாள் இங்கே வருவான். கல்யாணம் கல்யாணம் என்று நச்சரித்துக்கொண்டிருந்தான். ஒருமுறை கடைவீதியில் சஹானாவைப் பார்த்துக் கையைப் பிடித்துவிட்டான். அவளும் கையை உருவாமல் அரை மணி நேரம் அக்காள் தங்கை இல்லாதவளாக அவனோடு கரும்புச்சாறு குடித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது ரித்திகா சிரிக்கவில்லை. பாதி நாளை வைத்துக்கொண்டு எப்படிக் கல்யாணம் செய்வது என்று மட்டும் கேட்டாள். 

சட்டம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். செத்துப்போனவர்கள் பெயரில் வீடும் அரிசியும் ஓட்டும் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதை ஒழிப்பதற்காக இருப்புத் துறை வந்தது. கணினிக்குள் எதுவும் தங்கக் கூடாது, எல்லாம் மேலகத்தில்தான் இருக்க வேண்டும் என்றார்கள். மேலகம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கணினி அதைப் பார்க்கிற ஜன்னல், அவ்வளவுதான். ஆளுக்கொரு கணினி, ஆளுக்கொரு முகம், நாளுக்கொரு 'இருக்கிறேன்'. ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், முழுக்க ஒருவருடைய இருப்பு மேலே போய்ப் பதியவில்லை என்றால் அவர் காலமானவர். கணக்கு மூடப்படும். அதற்கப்புறமும் நடமாடிக்கொண்டிருப்பவர்களை அரசாங்கம் 'விருந்தினர்' என்று அழைத்தது. ஊரில் ஒறம்பரை என்றார்கள். அவர்களுக்கென்று கூடங்கள் உண்டு. ஒரு வேளைச் சோறு, பொதுக் கணினி. அந்தக் கணினியில் எதை எழுதினாலும் சாயங்காலம் அணைக்கும்போது அழிந்துவிடும். மறுநாள் ஒறம்பரை புதிதாக வந்தவரைப் போல முதலிலிருந்து எழுத வேண்டும்.

சஹானா எட்டு வருடமாக ஒறம்பரை. ரித்திகாவின் வளை மட்டும் இல்லையென்றால் அந்தக் கூடத்தில்தான் கிடந்திருப்பாள்.

*

ரமீஜா அக்காவின் ஏஜென்சி பழைய கணினிகளுக்கு மெல்தளம் என்ற இலகுவான இயங்குதளத்தை ஏற்றிக் கொடுக்கும் இடம். புதிய கணினிகளுக்கு அரசாங்கமே பெருந்தளம் கொடுத்துவிடும். பழைய லேப்டாப்புகள் அதன் பாரம் தாங்காமல் மூச்சு முட்டும். அவற்றுக்கென்று வந்ததுதான் மெல்தளம். உலாவி ஒன்றைத் தவிர அதில் எதுவும் கிடையாது. அதனால் குப்பையில் கிடந்த இயந்திரத்தைக்கூட ஓட வைத்துவிடும்.

"இன்னிக்கு ஊமை நாளா, வாயாடி நாளா?" என்று வரவேற்றார் ரமீஜா அக்கா. "எந்த நாளைக்கு எதுன்னு எழுதித் தொங்கவுட்டுட்டு வந்தீன்னா எனக்குத் தோதா இருக்கும்."

பல் வலி சரியாகிவிட்டது என்று சஹானா சொன்னாள். அக்கா அன்றைய முகவரியைச் சொன்னார். காங்கயம் சாலை, யுவராஜ், இருப்புத் துறையில் சரிபார்ப்பு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொடுதிரை பிடிக்காதாம், விசை தட்டினால்தான் எழுத வருமாம், பரணில் இருந்த பழைய லேப்டாப்பை எடுத்து வைத்திருக்கிறார். அதை அவர் பெயரில் காலையிலேயே பதிந்தாகிவிட்டது. மெல்தளம் தேறுமா என்று போட்டுப் பார்க்க வேண்டும்.

சஹானா முகத்தை மாற்றாமல் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெயரை எட்டு வருடமாகத் தினமும் ஒருமுறையாவது மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறாள்.

அவளும் ரித்திகாவும் பிறந்தது ஒரே இரவில், மூல நட்சத்திரத்தில். இரண்டு பெண்களுக்கும் மூலம் என்றால் இரண்டையும் கரை சேர்ப்பது எப்படி என்று பயந்துபோன அப்பா, ஒருத்தியை ஆஸ்பத்திரியில் பதிந்துவிட்டு, இன்னொருத்தியை மறுநாள் பிறந்ததாகப் பேரூராட்சி அலுவலகத்தில் போய்ப் பதிந்தார். மறுநாள் பூராடம். ஒரு பெண்ணாவது தப்பிக்கட்டும் என்று நினைத்தார். அதனால் மேலகத்தின் கண்ணில் அவர்கள் இரட்டைப் பிள்ளைகள் இல்லை. ஒரே ஊரில், வேறு வேறு நாளில் பிறந்து, ஒரே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும் இரண்டு பேர். யாரோ ஒருத்தி பொய்.

படிப்பை முடித்த வருடம் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். யுவராஜ் எதிரே இருவரும் நின்றார்கள். பெற்றவள் சொல்கிறேன், இரண்டு பேர், என்று அம்மா கத்தினாள். நீங்கள் சொன்னால் போதாது, மேலகம் சொல்ல வேண்டும் என்றார் அவர். ஒரு முகத்துக்கு ஒரு இருப்பு, சட்டம் அவ்வளவுதான். அப்போது டீ வந்தது. அவர் திரையைப் பார்த்தார், பொத்தானை அழுத்தினார், பக்கத்திலிருந்த உதவியாளரிடம் "இடப்பக்கம் நிக்கறது நகல்" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தார்.

இடப்பக்கம் நின்றவள் சஹானா.

வேலைக்கு வந்திருந்த ஆணை செல்லாமல் போனது. கனரா வங்கித் தேர்வில் வாங்கிய மதிப்பெண் காணாமல் போனது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் இவளால் போய்ப் பார்க்க முடிந்தது. அம்மா செத்தது ரித்திகாவின் முறையில்.

*

யுவராஜ் கதவைத் திறந்து, உள்ளே வரச் சொல்லி, மின்விசிறியைப் போட்டார். தலை முழுக்க நரைத்துவிட்டது. அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"வாங்க அம்மிணி. இது தேறுமான்னு பாருங்க. இல்லாட்டி அந்தத் தொடுறதத்தான் வாங்கோணும். தொட்டா எனக்குக் கோவந்தான் வருது."

லேப்டாப் கனமாக, கறுப்பாக, மூலையில் விரிசல் விட்டு இருந்தது. சஹானா தன் பையிலிருந்து நகத்தளவு பென் டிரைவை எடுத்து அதன் பின்பக்கத் துளையில் செருகி இயக்கினாள். உள்ளே இருந்த வட்டு எப்போதோ செத்துவிட்டது. ஆனால் மெல்தளத்துக்கு வட்டு தேவையில்லை. தற்காலிக நினைவகத்தில் உட்கார்ந்தே ஓடும். சில நொடிகளில் திரை வெளிச்சமாகி உலாவி திறந்தது. யுவராஜ் குழந்தையைப் போல மூக்கை அருகே கொண்டு வந்து பார்த்தார். முகத்தைக் காட்டினார். மேலகத்திலிருந்து அவருடைய கடிதங்கள், படங்கள், பழைய கோப்புகள் எல்லாம் வரிசையாக இறங்கின.

திரையின் மேல் விளிம்பில் 'முயற்சி' என்ற மஞ்சள் பட்டை ஓடிக்கொண்டிருந்தது. முயற்சியில் இருக்கும் இயந்திரம் மேலகத்திலிருந்து எதையும் வாங்கலாம், மேலகத்துக்கு எதையும் தர முடியாது. அரை உயிரில் கிடக்கும் பழைய இயந்திரங்கள் கண்டதையும் மேலே அனுப்பிக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் அப்படி வைத்திருந்தார்கள். செய்தது எல்லாம் செய்ததுபோலவே தெரியும். அணைத்ததும் போய்விடும். மறுபடி இயக்கினால் மறுபடி முதல் நாள். எல்லாம் சரியாக ஓடுகிறது என்று தெரிந்த பிறகு 'நிலைநிறுத்து' என்பதை அழுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் அது உண்மையான கணினி.

மஞ்சள் பட்டையைப் பார்த்தால் வாடிக்கையாளர்கள் பயப்படுவார்கள், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். அதனால் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் முதலில் முழுத்திரையைப் போட்டு அதை மறைத்துவிடுவது வழக்கம். சஹானாவும் மறைத்தாள். இயக்கும்போதெல்லாம் தானாகவே முழுத்திரை வருகிற மாதிரி பென் டிரைவில் ஒரு வரியையும் சேர்த்தாள். நிலைநிறுத்து என்பதை அழுத்தவில்லை.

"பின்னாடி குத்தியிருக்கறது சாவிங்க. அத உருவிராதீங்க. தினமும் ராத்திரி அணைச்சுப்போட்டுத்தான் படுக்கோணும். பழைய மிஷின், சூடாகும்."

"அதெல்லாம் கரெக்டா செய்வேன்," என்றார் யுவராஜ். "முப்பது வருஷம் மத்தவங்க கரெக்டா செய்யறாங்களான்னு பாத்தவனுங்க நான்."

அன்றைய 'இருக்கிறேன்' பொத்தானை அவள் எதிரிலேயே அழுத்தினார். பச்சைக் கோடு ஓடியது. அந்தக் கோடு திரையைத் தாண்டி எங்கும் போகவில்லை.

அவர் கொடுத்த டீயைச் சஹானா கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

*

இருப்பு பதியாதவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் போகாது. முன்பெல்லாம் போய்க்கொண்டிருந்தது. எச்சரித்தால் பொய்க் கணக்குக்காரர்கள் உஷாராகிவிடுகிறார்கள், நிஜமாகவே செத்தவருக்கு எச்சரிக்கை எதற்கு என்று குறிப்பெழுதி அதை நிறுத்த வைத்தவர் யுவராஜ்தான். துறையில் அதற்காக அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவர் வீட்டு முன்னறை அலமாரியில் அது இருந்ததைச் சஹானா பார்த்திருந்தாள்.

ரித்திகாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. முந்தைய நாளைக் கைமாற்றும்போது, காங்கயம் சாலையில் ஒரு கிழவர், மெல்தளம் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொன்னாள். அவருக்கு இனி தன் நாளிலேயே நேரம் போட்டுக்கொள்வதாகவும் சொன்னாள்.

லேப்டாப் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டாம் முறை போனபோது, யுவராஜ் சவரம் செய்யாமல் இருந்தார். எழுத்தைப் பெரிதாக்கி வைத்தால் மறுநாள் சின்னதாகிவிடுகிறது என்றார். புனேயில் இருக்கும் மகனுக்கு எழுதிய கடிதம் அனுப்பியவற்றின் பட்டியலில் இல்லை. மகனோ, ஏன் அப்பா பதில் போடுவதில்லை, என் மேல் என்ன கோபம் என்று கேட்டு எழுதியிருக்கிறான். திரும்ப உட்கார்ந்து எழுதி அனுப்பினார். மறுநாள் அதுவும் இல்லை.

"மிஷின்ல ஏதாவது கோளாறுங்களா?"

சஹானா லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தாள், நாலு விசையைத் தட்டினாள். மிஷின் நல்லா இருக்குதுங்களே என்றாள். பிறகு, சாவகாசமாக, ஒருவேளை எழுதோணும்னு நெனச்சுட்டு எழுதாம விட்டிருப்பீங்க, இந்த வயசுல அப்படி ஆகறதுதான் என்றாள்.

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் எதுவோ உள்ளே இடிந்து விழுந்ததை அவள் பார்த்தாள். ஒரு கணக்கு மூடினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் தான் சொல்வதைத் தன்னாலேயே நம்ப முடியாமல் போவது எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது. விசாரணை முடிந்து வெளியே வந்தபோது, படிக்கட்டில் நின்று சஹானா தன் கையைத் தானே கிள்ளிப் பார்த்திருந்தாள். அந்த வலி நினைவுக்கு வந்தது. யுவராஜ் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், பல வருடங்களுக்குப் பிறகு, பசித்துச் சாப்பிட்டாள்.

*

மண்டலத்தின் கடைசி நாள் அவள் முறையில் வந்தது. வராவிட்டாலும் வர வைத்திருப்பாள். துறை அலுவலகம் மூடும் நேரம் பார்த்துப் போனாள். அன்றைக்குப் போக எந்தக் காரணமும் இல்லை. கடைசியாக ஒருமுறை அவர் அந்தப் பொத்தானை அழுத்துவதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

யுவராஜ் அவளுக்காகவே காத்திருந்ததுபோல எழுந்தார். சவரம் செய்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்.

"உக்காருங்க அம்மிணி. ஒரு சாட்சி வேணும். கணக்கு வெச்சிருக்கற ஆளு."

என்ன சாட்சி என்று கேட்டாள். மூடிய கணக்கைத் திறப்பதற்கு என்றார். அதிகாரி மூடிய கணக்கை அந்த அதிகாரி மட்டும்தான் திறக்க முடியும். ஓய்வு பெற்றாலும் அந்த உரிமை போகாது. அவர் செத்துவிட்டால் பிறகு யாராலும் முடியாது. தன் புத்தி எந்த நாளில் முழுசாகப் போகும் என்று தெரியவில்லை, அதற்குள் ஒன்றையாவது சரிசெய்துவிட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

சஹானாவுக்கு இது தெரியாது. எட்டு வருடத்தில் எந்த அலுவலகத்திலும் எவரும் இதைச் சொன்னதில்லை. மேல்முறையீடு கிடையாது என்று மட்டும்தான் சொன்னார்கள்.

அவர் கோப்பைத் திறந்தார். திரையில் இரண்டு முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன, கல்லூரி முடித்த வயதில். யுவராஜ் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"நீங்க முதல் நாளு வந்தப்பவே இந்த மொகத்த எங்கியோ பாத்திருக்கறமேன்னு இருந்துச்சு. அப்பறம் தேடிப் புடிச்சேன். நீங்க வலப்பக்கம் நின்ன பொண்ணுதானுங்களே?"

சஹானா திரையில் இடப்பக்கத்து முகத்தைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பிறகு, எட்டு வருடமாகத் தன் பெயரில் ஒரு வாக்கியம்கூடப் பேசாத வாயைத் திறந்தாள்.

"இடப்பக்கமுங்க."

அவர் பார்வை அவள் கையிலிருந்த வளைக்குப் போய்த் திரும்பியது. அடுத்தவர் வளையில் நடமாடுவது என்ன குற்றம் என்று அவருக்குத் தெரியும். தண்டனையும் தெரியும்.  திரும்பி உட்கார்ந்து 'திற' என்பதை அழுத்தினார். சாட்சியாக அவள் முகத்தைக் காட்டச் சொன்னார். அவள் காட்டினாள். பச்சைக் கோடு ஓடியது. 'சஹானா. இருப்பு திறக்கப்பட்டது.'

திரையில் தன் பெயரைச் சஹானா எழுத்துக்கூட்டிப் படித்தாள். கையை நீட்டித் திரையைத் தொட்டாள். சூடாக இருந்தது.

"முடிஞ்சுதுங்க," என்றார் யுவராஜ். "இதாவது நாளைக்கு இல்லாமப் போகாது."

"போயிரும்."

அவர் திரும்பினார்.

"இது மேல போகாதுங்க. நீங்க எழுதுன எதுவும் மேல போகலீங்க. இது இன்னும் முயற்சியிலதான் இருக்குது. முதல் நாள்ல இருந்து."

அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. முழுத்திரையை அவரே விலக்கினார். மஞ்சள் பட்டை தெரிந்தது. பின்பக்கம் குத்தியிருந்த பென் டிரைவைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. நாட்களைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி முடித்ததும் ஜன்னலைப் பார்த்தார். வெயில் இறங்கிவிட்டது.

முதலில் அவருக்கு வந்தது பயம் இல்லை. "அப்ப என்ற புத்தி நல்லாத்தான் இருக்குதுங்களா?" என்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகுதான் பயம் வந்தது. நிலைநிறுத்து என்பதை அழுத்துங்கள், இருக்கிறேன் என்று பதிந்துவிட்டு, உடனே உங்கள் கணக்கை மறுபடி திறக்கிறேன், சத்தியம் என்றார். மகன் மேல் சத்தியம் என்றார்.

நிலைநிறுத்தத் தேவையான கடவுச்சொல் அவளிடம் இருந்தது. மூன்று விசைகள் தட்டினால் போதும். அவள் லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்தாள். கணினி உண்மையானதும் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று 'திற'. இன்னொன்று 'புகார்'. எதை அழுத்துவார் என்பது அவர் இஷ்டம். ஆனால் இந்த நடுங்கும் கிழவர் அழுத்தப்போவது முதலாவதைத்தான் என்று அவளுக்கு ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்தது. கையை விசைகளின் மேல் வைத்தாள். ரித்திகா மைசூருக்குப் போகலாம். இவள் இவளாகவே தெருவில் நடக்கலாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் கேட்க வேண்டும் என்று இருந்தது.

"அன்னிக்கு ஏனுங்க நானு? அவள உட்டுப்போட்டு என்னய ஏன் எடுத்தீங்க?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பிறந்த தேதி, பதிவு எண் என்று எதையாவது சொல்லியிருந்தால் போதும், அவள் விசையைத் தட்டியிருப்பாள். ஆனால் யுவராஜ் அந்த நேரத்தில் நேர்மையாக இருப்பதுதான் தன்னைக் காப்பாற்றும் என்று நம்பிவிட்டார்.

"ஒரு காரணமும் இல்லீங்க அம்மிணி. ரெண்டுல ஒண்ண அழுத்தோணும். திரையில அம்புக்குறி இடப்பக்கமா நின்னுட்டிருந்துச்சு."

சஹானா தலையை ஆட்டினாள். எட்டு வருடமாக அவள் ஏதோ ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். அவள் நின்ற விதம், பார்த்த விதம், பிறந்த நட்சத்திரம், அப்பா மாற்றிவிட்ட விதி. தன் பக்கம் ஏதோ ஒரு குறை. எதுவுமே இல்லை. கையை அந்தப் பக்கம் நகர்த்தச் சோம்பல்.

அவள் விசைகளிலிருந்து கையை எடுத்தாள். லேப்டாப்பின் பின்பக்கம் விரல் விட்டு பென் டிரைவை உருவினாள். திரை ஒருமுறை நடுங்கிக் கறுத்தது. அவளுடைய பெயரும் அதோடு போனது.

யுவராஜ் அவள் முழங்கையைப் பிடித்தார். வலுவில்லாத பிடி. "உங்க கணக்கும் போயிருமுங்க," என்றார். "நான் போயிட்டா உங்களுக்குத் தொறக்க ஆளே கெடையாதுங்க."

தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

*

ரித்திகா கடைசி வரைக்கும் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் மடியில் வெண்டைக்காய் நறுக்கிய தட்டு இருந்தது.

"தொறந்தாரா?" என்று மட்டும் கேட்டாள்.

திறந்தார் என்றாள் சஹானா. ஆனால் அது மேலே போகவில்லை.

"நீ மூணு விசையத் தட்டியிருந்தா?"

போயிருக்கும்.

ரித்திகா தட்டைக் கீழே வைத்தாள். அன்று இருவரும் சாப்பிடவில்லை. அவன் டீ குடித்ததை நீயும் பார்த்தாய்தானே, அம்மாவை நினைத்துப் பார் என்று சஹானா என்னென்னவோ சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் வேண்டிக்கேட்கும் குரலில் பேசுவது அவளுக்கே கேட்டது.

காலையில் ரித்திகா முகத்தைக் காட்டி 'இருக்கிறேன்' அழுத்தினாள். பச்சைக் கோடு ஓடியது. சஹானாவின் முறை இல்லை அன்று. ஆனால் ரித்திகா பெட்டியை இறக்கித் துணிகளை அடுக்கினாள். அப்போதுதான் சஹானாவுக்கு விளங்கியது.

"எட்டு வருஷம் பாதிய உனக்குக் குடுத்தேன்," என்றாள் ரித்திகா. அவள் குரலில் கோபமே இல்லை. "அவன் உன்றதப் புடுங்கிக்கிட்டான்னு குடுத்தேன். நேத்து அவன் திருப்பிக் குடுத்தான். நீ வேண்டாமுன்னுட்டு வந்துட்டே. அப்பறம் நான் எதுக்குக் குடுக்கோணும்?"

"அவன் குடுத்து நான் வாங்கிக்கோணுமா?"

"நான் குடுத்து மட்டும் வாங்கிக்கிட்டயில்ல?"

ரித்திகா பெட்டியை மூடினாள்.

வளை ரித்திகாவின் கையில் இருந்தது; அது இல்லாமல் அந்தக் கதவை உள்ளேயிருந்தும் திறக்க முடியாது. ரித்திகா பெட்டியை வெளியே வைத்தாள். கதவு மூடப் போனபோது தன் பழைய செருப்பில் ஒன்றைக் கழற்றி இடுக்கில் செருகினாள். கதவு அதில் மோதி நின்று, மூடுமாறு கேட்டு ஒலியெழுப்பத் தொடங்கியது. இன்னொரு செருப்பையும் அங்கேயே விட்டுவிட்டு, பெட்டியிலிருந்து புதுச் செருப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு, ரித்திகா மைசூர் பஸ்ஸுக்குப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கதவு பகல் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்தது. சஹானா அதன் எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே போகலாம். போனால் எங்கே போவது, ஒறம்பரைக் கூடத்துக்கா? தெருவில் பிள்ளைகள் நின்று, அந்த வீட்டுக் கதவு ஏன் அழுகிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மதியத்துக்கு மேல் வாசலில் நிழல் விழுந்தது. யுவராஜ். காலில் செருப்பு இல்லை. இஸ்திரி போட்ட அதே சட்டை, வேர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது. நேற்று அவள் போனதுமே துறை அலுவலகத்துக்கு ஓடி, பூட்டிய வாசலில் இரவைக் கழித்துவிட்டு, காலையில் பால் வாங்கப் போயிருக்கிறார். கடையில் வளை வேலை செய்யவில்லை. திரும்பிப் போனால் வீட்டுக் கதவு அவரை உள்ளே விடவில்லை. இருப்புத் துறைக் கதவும் விடவில்லை. அவர் யாரென்று காவல்காரனுக்குத் தெரிந்திருந்தது. செத்தவரோடு பேச அவனுக்கு அனுமதி இல்லை. கடைசியில் ஏஜென்சி வாசலில் நின்று, ரமீஜா வெளியே வந்தபோது இந்த முகவரியைக் கேட்டு வாங்கியிருக்கிறார். இதையெல்லாம் மூச்சு வாங்கியபடி சொன்னார். அதில் ஒரு வசைகூட இல்லை.

எதற்கு வந்தீர்கள் என்று சஹானா கேட்டாள்.

"வேற எந்தக் கதவும் தொறக்கலீங்க அம்மிணி," என்றார். "ஊரு முச்சூடும் பாத்துட்டேன். இது ஒண்ணுதான் தொறந்திருக்குது. கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டு உக்காந்துக்கறனுங்க."

சஹானா எழுந்து வாசலுக்கு வந்தாள். அவர் ஒரு காலைப் படியில் வைத்து, அவள் விலகுவாள் என்று காத்திருந்தார். முகத்தில் நன்றி வருவதற்குத் தயாராக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் குனிந்தாள். இடுக்கிலிருந்து செருப்பை உருவினாள்.

கதவு சட்டென்று மூடிக்கொண்டது. ஒலி நின்றது. காலையிலிருந்து முதல்முறையாக வீடு அமைதியானது.

வெளியே அவர் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். அவர் ஓய்ந்த பிறகு, உள்ளேயிருந்து அவளும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.